வேலிப் பொட்டு

எங்கள் தொடர்மாடி லிப்டுக்குள் ஏறினால், ஏழு மாடியிலும் அன்றைக்கு என்ன சமையல் என்று சொல்லிவிடலாம். நிற்கிற மாடியெல்லாம் தன் பங்குக்கு ஒரு வாசத்தை உள்ளே தள்ளிவிட்டுத்தான் கதவை மூடும். இரண்டாம் மாடியில் எந்நேரமும் பொரியல் எண்ணெய். நான்காம் மாடியில் வெள்ளிக்கிழமை என்றால் சாம்பிராணி. போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், வெள்ளவத்தைச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு வந்து ஏறுகிறேன், மூன்றாம் மாடியில் லிப்ட் நின்றது. கதவு திறந்தது. ஆரும் ஏறவில்லை. ஒடியல் கூழ் வாசம் மட்டும் ஏறியது.

என் வீடு ஐந்தாம் மாடி. ஆனாலும் இறங்கிவிட்டேன்.

கிறில் கதவுக்கு அந்தப் பக்கம் புங்குடுதீவு அக்கா கையில் அகப்பையோடு நின்றா. "என்ன தம்பி, மாடி மாறி இறங்கிட்டீங்களோ?" என்று கேட்டா. எனக்கு எழுபத்திரண்டு, அவவுக்கு எழுபத்தொன்பது. ஆகவே தம்பிதான்.

"லிப்ட் தன்பாட்டில நிண்டிட்டுது அக்கா."

"ஓமோம், லிப்டுக்கும் கூழ் எண்டால் விருப்பந்தான்" என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனவ, ஒரு எவர்சில்வர் பேணி நிறையக் கூழோடு திரும்பி வந்தா. "திறப்பை எங்கையோ வைச்சிட்டன். இதுக்குள்ளால பிடியுங்கோ." கம்பிகளுக்கு நடுவே பேணி மட்டுமட்டாய் வந்தது. ஒரு நண்டுக்கால் மேலே நீட்டிக்கொண்டு நின்றதால் அதை முதலில் அவ பக்கம் சரித்து, பிறகு என் பக்கம் இழுக்க வேண்டியிருந்தது.

பனையோலைப் பிளாவில் குடிக்காத கூழ் கூழா என்று வழக்கமாய் வாதாடுகிறவன் நான். அன்றைக்கு வாதாடவில்லை. கம்பிக்குள்ளால் கை நீட்டி வாங்கியபோது, யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் எங்கள் ஊரான கரம்பொனில், வடக்கு வேலியில் இருந்த பொட்டு கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. பிறகு அந்த மத்தியானம் முழுக்க வேறொன்றும் ஓடவில்லை. வாங்கிய மீன் பின்னேரம்வரை வெட்டுப்படாமல் கிடந்தது என்று வீட்டில் பேச்சும் வாங்கினேன்.

கரம்பொன் என்றதும் மற்றவர்கள் தனிநாயகம் அடிகளாரைச் சொல்வார்கள். 1913இல் அங்கே பிறந்து, 1966இல் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழ் மாநாடு நடக்கக் காரணமாக இருந்தவர். பெருமைதான். ஆனால் எனக்கு ஊர் என்றால் முதலில் வருவது வேலி.

பொட்டு என்றால் இப்போதைய பிள்ளைகள் நெற்றியைத் தொடுவார்கள். நான் சொல்வது வேலிப் பொட்டு. இரண்டு வளவுகளுக்கு நடுவே, இரண்டு கதியாலுக்கு இடையில், ஓலை கட்டாமல் விட்ட வழி. ஓர் ஆள் நுழையலாம். கொஞ்சம் குனியவும் வேண்டும், கொஞ்சம் சரியவும் வேண்டும். தலையில் சுமையோடு வந்தால் இறக்கித்தான் ஆகவேண்டும். படலை வேறு, பொட்டு வேறு. படலை ஊருக்கு. அதைத் திறந்து வருகிறவர் "வீட்டுக்காரர்!" என்று கூப்பிட்டுவிட்டு முற்றத்தில் நிற்பார். பொட்டால் வருகிறவர் நேரே குசினி வாசலுக்கு வருவார். அரைச் சுண்டு அரிசி, ஒரு கொத்துக் கருவேப்பிலை, அடுப்பு மூட்ட ஒரு தணல், ஆசுபத்திரிக்குப் போகையில் பார்த்துக்கொள்ள ஒரு கைக்குழந்தை, எல்லாம் பொட்டால்தான் வந்தும் போயும் இருந்தன. அடுத்த வளவுப் பெரியம்மா எங்கள் வீட்டுக்குப் படலையால் வந்தது மூன்றே மூன்று தரம். மகளின் கலியாணம் சொல்ல ஒருதரம். என் தங்கையின் சாமத்தியவீட்டுக்குப் பட்டுச்சீலை உடுத்துக்கொண்டு ஒருதரம். மூன்றாவது தரத்தைப் பிறகு சொல்கிறேன்.

பெரியம்மா என்றால் சொந்தப் பெரியம்மா அல்ல. பொட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தவ, அவ்வளவுதான் உறவு.

மாசி பிறந்தால் வேலியடைப்பு. எங்கள் பக்கம் பனையோலை வேலிதான் கூட. பூவரசும் கிளுவையும் கதியால். ஆடு தலை வைக்காமல் அடியில் கறுக்கு மட்டை. ஓலையை வரிச்சோடு சேர்த்து இறுக்கக் குத்தூசி வேண்டும். கயிறு கோத்த ஊசியை இந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் ஓலைக்குள்ளால் குத்தி அனுப்ப, அந்தப் பக்கத்தில் நிற்பவர் கயிற்றைக் கழற்றி, வரிச்சைச் சுற்றி, மறுபடி கோத்துத் திருப்பி அனுப்புவார். ஒற்றை ஆள் வேலை அல்ல அது. இந்தப் பக்கம் ஐயா, அந்தப் பக்கம் பெரியப்பா. இரண்டு வளவையும் பிரிக்கிற வேலியை இரண்டு வளவு ஆட்களும் சேர்ந்துதான் கட்டினார்கள். அதில் ஒரு புதினமும் அப்போது எனக்குத் தெரியவில்லை. "ஊசி வருது." "இழு." "விடு." அதற்கு நடுவே பேச்சு. 1961ஆம் ஆண்டு மாசியில் யாழ்ப்பாணக் கச்சேரியடியில் சத்தியாக்கிரகம் தொடங்கியதை, ஓலைக்கு அந்தப் பக்கமிருந்து பெரியப்பா சொல்ல, ஓலைக்கு இந்தப் பக்கமிருந்து ஐயா கேட்டதைப் பக்கத்தில் நின்று நானும் கேட்டேன். எட்டு வயது. ஆள் தெரியாது, குரல் மட்டும். வேலியே செய்தி வாசிப்பதுபோல இருந்தது.

பொட்டடிக்கு வந்ததும் ஐயா கையை நிறுத்துவார். "விடுறதே?" என்று கேட்பார். "விடுங்கோ" என்று பதில் வரும். அங்கே ஓலை கட்டாமல் தாண்டிப் போய் அடுத்த கதியாலில் தொடங்குவார்கள். வருஷத்துக்கு ஒருமுறை, அந்த ஒரே கேள்வி, அந்த ஒரே பதில். ஐயா கேட்காமல் விட்டதில்லை. முதல் வருஷம் விட்டோமே, இந்த வருஷமும் அப்படித்தானே என்று இரண்டு பேரும் எண்ணிக்கொண்டதில்லை.

1964 மாசியில் பதில் வரவில்லை.

அதற்கு ஒரு மாதம் முன்னர் அவர்களுடைய ஆடு பொட்டால் வந்து எங்கள் புகையிலைக் கன்றுகளை மேய்ந்துவிட்டது. ஐயா ஆட்டை அவிழ்த்துக்கொண்டு போய்ப் படலையடியில் வைத்துச் சத்தமாய் ஏதோ சொல்லிவிட்டார். என்ன சொன்னார் என்பதை அம்மா கடைசிவரை எங்களுக்குச் சொல்லவில்லை. வேலியடைப்பு நாளில் பெரியப்பா வந்தார். ஊசியை வாங்கினார், அனுப்பினார். "விடுறதே?" என்றபோது மட்டும் பேசாமல் நின்றார். ஐயா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஓலையை எடுத்து வைத்து ஊசியைக் குத்தினார். அந்தப் பக்கத்திலிருந்து ஊசி திரும்பி வந்தது.

ஆனால் கிணறு அவர்கள் வளவுக்குள் இருந்தது. அது பங்குக் கிணறு. தீவுப்பகுதிக்காரருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்களுக்கு ஆறு இல்லை, மலை இல்லை. சுண்ணக்கல்லுக்குள் இறங்குகிற மழைத்தண்ணீர் உவருக்கு மேலே மெல்லிதாய் மிதந்து கிடக்கும். அளவாய் இறைத்தால் நல்ல தண்ணீர், ஆசைப்பட்டு இறைத்தால் உவர். வெட்டின கிணறெல்லாம் நல்ல தண்ணீர்க் கிணறு ஆகாது. ஆகிய கிணற்றை ஒருவர் தனியாக வைத்துக்கொள்ளவும் ஏலாது. அதனால்தான் யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளில் பரப்புக் கணக்கு முடிந்ததும் கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் எழுதப்பட்டிருக்கும். எங்கள் உறுதியிலும் இருந்தது. பொட்டு அடைபட்ட அந்தப் பத்து மாதமும் அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு எங்கள் படலையால் வெளியேறி, ஒழுங்கையைச் சுற்றி, அவர்கள் படலையால் உள்ளே போய், தண்ணீர் அள்ளிக்கொண்டு அதே வழியால் திரும்பினா. ஒருவரும் மறிக்கவில்லை. ஒருவரும் பேசவும் இல்லை. உறுதியில் எழுதின உரிமை அப்படி இருந்தது.

பொட்டைத் திறந்தது புயல். 1964 மார்கழியில், தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன அதே புயல். விடிய எழும்பிப் பார்த்தால் வடக்கு வேலி நீளத்துக்கும் படுத்துக் கிடக்கிறது. பெரியம்மா விழுந்த ஓலைக்கு மேலால் நடந்து வருகிறா, கையில் கேத்தல். எங்கள் அடுப்பு நனைந்துபோனது அவவுக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அடுத்த மாசியில் ஐயா பொட்டடியில் நின்று கேட்டார். "விடுங்கோ. இந்தமுறை கொஞ்சம் அகலமாய் விடுங்கோ, இவவுக்கு உடம்பு வைச்சிட்டுது" என்று பதில் வந்தது.

1974இல் அரச திணைக்களம் ஒன்றில் படவரைஞராக வேலை கிடைத்து வெள்ளவத்தைக்கு வந்தேன். தமிழ்ச் சங்கத்துக்கு நடந்து போகிற தூரத்தில் ஓர் அனெக்ஸ் அறை. அந்தக் காலத்து வெள்ளவத்தை ஒழுங்கைகளில் தனித்தனி வீடுகள்; முன்னால் ஒரு பூந்தோட்டம், பக்கத்தில் ஒரு மாமரம், சுற்றிவர மதில். 1921இல் பற்றிக் கெடிஸ் என்ற அறிஞர் கொழும்புக்குத் திட்டம் எழுதும்போது கிழக்கின் பூங்கா நகரமாக அதைக் கனவு கண்டார் என்று அலுவலகத்தில் படித்திருந்தேன். கடலில் இருந்து காலி வீதிவரை நடந்தால் கெடிஸ் சரியாய்த்தான் கனவு கண்டிருக்கிறார் என்று தோன்றும். மதில்களில் பொட்டு இல்லை என்பதை மட்டும் கவனித்தேன்.

1983 ஆடிக் கலவரத்தில் அந்தத் தனித்தனி வீடுகளுக்குத்தான் வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு மதிலுக்குள்ளும் ஒவ்வொரு குடும்பம் தனியே அகப்பட்டது. அதைப்பற்றி நிறைய எழுதியாகிவிட்டது, நான் கூட்டவில்லை. அகதிமுகாம், பிறகு சரக்குக் கப்பல், காங்கேசன்துறை. எட்டு மாதம் கழித்து வேலைக்காக மறுபடி கொழும்புக்கு வந்தபோது, எரிந்த வீடுகள் விற்பனைக்குக் கிடந்தன. பிறகு அந்த வீட்டுத் துண்டுகளில்தான் தொடர்மாடிகள் எழும்பின. வெளிநாட்டுக் காசு வந்தது, வடக்கிலிருந்து சனம் வந்தது, ஒரு மாமரம் நின்ற இடத்தில் இருபத்தொரு குடும்பம் குடியேறியது. நகரத்தைத் திட்டமிட்டவர்கள் இதை நெரிசல் என்பார்கள். வந்தவர்களுக்கு அது வேறுவிதமாய்ப் பட்டது. ஒரே வாசலுக்குள் இருபத்தொரு தமிழ்க் கதவு. பொலிஸ் பதிவும் இரவுச் சோதனையும் இருந்த காலத்தில், இரண்டாம் மாடியில் தட்டுகிற சத்தம் கேட்டால் ஐந்தாம் மாடிக்காரன் அடையாள அட்டையை எடுத்து, சேட்டைப் போட்டு, ஆயத்தமாய் நிற்கலாம். தனி வீட்டில் அந்த அவகாசம் கிடையாது. இதை எந்தக் கட்டடக் கலைப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை.

1990 ஆவணியில் தீவுப்பகுதியில் இராணுவம் இறங்கியபோது நான் கொழும்பில். ஐயா அதற்கு முன்னரே போய்விட்டார். அம்மாவும் தங்கையும் வெளிக்கிடுகிற அன்று காலை, பெரியம்மா வந்தா. படலையால் வந்தா. "ஏன் இவ இப்பிடிச் சுத்தி வாறா எண்டு நினைச்சன். கிட்ட வந்தாப்பிறகுதான் விளங்கினது, அவவும் வெளிக்கிட்டாச்சு" என்று அம்மா பின்னாளில் சொன்னா. கையில் ஒரு பை, காலில் செருப்பு. செருப்போடு பெரியம்மாவை அம்மா கண்டது அன்றைக்குத்தான். பண்ணைப் பாலம்வரை ஒன்றாய்ப் போயிருக்கிறார்கள். அதற்குப் பிறகு காணவில்லை.

95இல் யாழ்ப்பாணமும் வெளிக்கிட, அடுத்த வருஷம் அம்மா என்னிடம் வந்து சேர்ந்தா. இந்த வீட்டை அப்போதுதான் வாங்கியிருந்தேன். தொள்ளாயிரம் சதுர அடி. எங்கள் வளவு நான்கு பரப்பு. இது ஒரு பரப்பில் மூன்றிலொன்று. உறுதியை வாசித்துக் காட்டு என்றா. வாசித்தேன். 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடிச் சட்டத்தின்படி எழுதினது: வீடு தனி உரிமை, படிக்கட்டு, லிப்ட், தண்ணீர்த் தாங்கி, மொட்டைமாடி, கட்டடம் நிற்கிற நிலம் எல்லாம் பிரிக்கப்படாத பங்கு. அம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப கிணத்துப் பங்கு இருக்கு" என்றா. கொஞ்சம் பொறுத்து, "பொட்டு?" என்று கேட்டா.

அம்மா அதைத் தானே தேடிக்கொண்டா. காலை பத்து மணிக்கு ஒரு ஸ்டூலை எடுத்துக்கொண்டு போய்ப் படியடியில் குந்துவா. வாசல் கதவு திறந்தபடி கிடக்கும். கட்டடத்துக்கு அப்போது லிப்ட் அடிக்கடி மக்கர் பண்ணும். சனம் படியால்தான் ஏறும். ஏறிக் களைத்தவர்கள் ஐந்தாம் மாடியில் மூச்சு வாங்குவார்கள். அம்மா தண்ணீர்ச் செம்போடு இருப்பா. பொதுவழியில் ஸ்டூல் போடக்கூடாது என்று நிர்வாகக் குழுவில் ஒருவர் சொன்னார். அம்மா ஸ்டூலை நாலு அங்குலம் பின்னுக்கு இழுத்து, இரண்டு கால் வீட்டுக்குள்ளும் இரண்டு கால் பொதுவழியிலுமாக வைத்துக்கொண்டா. அதற்குச் சட்டம் இருக்கவில்லை. எதிர்வீட்டுப் பெண் பிள்ளை கயிற்றில் பை கட்டி மாடியிலிருந்து இறக்கி மரக்கறிக்காரனிடம் வாங்குவாள். அந்தப் பையில் அம்மாவின் இருபது ரூபாயும் இறங்கும். ஆறு மாதத்தில் ஏழு மாடியில் ஆருக்கு விசா வந்தது, ஆருக்கு வரவில்லை என்று அம்மாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. நான் தனி வீட்டில் இருப்பவன்போலத்தான் அதே வீட்டில் இருந்தேன்.

அம்மா 2001இல் போய்விட்டா. ஸ்டூல் இருக்கிறது.

சில வருஷத்துக்கு முன்னர் ஒரு பல்கலைக்கழகப் பிள்ளை படிவத்தோடு வந்தாள். நகர நடுவே நெருக்கமாய் வாழ்கிறவர்கள் எவ்வளவு திருப்தியாய் இருக்கிறார்கள் என்று ஆராய்ச்சி. ஒன்றிலிருந்து ஐந்துக்குள் புள்ளி போட வேண்டும். வீட்டின் அளவு? மூன்று. வெளிச்சம், காற்று? இரண்டு, எங்களுக்கும் கடலுக்கும் நடுவே வேறொரு கட்டடம் எழும்பிவிட்டது. சத்தம்? காலி வீதிப் பஸ்ஸும் கடலோர ரயிலும் சேர்ந்து ஒன்று. கடை, கோயில், வைத்தியர் எல்லாம் நடக்கிற தூரமா? ஐந்து, அதற்கு ஆறு போடலாமா என்று கேட்டேன். கூட்டிப் பார்த்தால் நடுத்தரம். "அப்ப ஏன் அங்கிள் இஞ்சையே இருக்கிறீங்கள்?" என்று கேட்டாள். படிவத்தில் அந்தக் கேள்வி இல்லை, அவளாய்க் கேட்டது. சொல்லத் தெரியாமல் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

படவரைஞனாய் இருந்த காலத்தில் இரண்டு படங்கள் என் மேசையில் கிடந்தன. ஒன்று அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் கட்டின புரூட்–ஐகோ. முப்பத்துமூன்று கட்டடம், பதினொரு மாடி. சனம் சந்தித்துப் பழகவேண்டும் என்று லிப்ட் எல்லா மாடியிலும் நிற்காமல், இரண்டு மாடியை விட்டு விட்டு நிற்கும்படி அமைத்தார்கள். நிற்கிற மாடிகளில் நீளமான பொது விறாந்தை. தாளில் அழகான பொட்டு. விறாந்தையில் ஆள் நடமாடப் பயப்படுகிற நிலை வந்து, 1972இல் இடிக்கத் தொடங்கினார்கள். மற்றது சிங்கப்பூர். அங்கே பத்தில் எட்டுப் பேரளவில் அரசாங்கத் தொடர்மாடிகளில் இருக்கிறார்கள். 1970களிலிருந்து கட்டடங்களின் நிலத்தளத்தை வீடு கட்டாமல் வெறுமையாய் விடுவது வழக்கமாயிற்று. அதே இடத்தில் ஒருநாள் மலாய்க் கலியாணம், ஒருநாள் சீனச் செத்தவீடு, நடுவில் வயதானவர்களின் சதுரங்கம். ஒன்று அழிந்ததற்கும் மற்றது நிலைத்ததற்கும் பராமரிப்பு, பணம், வேலை, இனப்பாகுபாடு என்று பெரிய காரணங்கள் உண்டு. அதை மறைத்து வேலிக் கதை சொல்ல நான் வரவில்லை. ஆனால் படத்தில் கீறிவிட்டால் பொட்டு வந்துவிடாது என்று அந்த இரண்டு படத்தையும் பார்க்கும்போதெல்லாம் நினைப்பேன். இந்தப் பக்கத்தில் ஒருவர் கேட்கவேண்டும். அந்தப் பக்கத்தில் ஒருவர் பதில் சொல்லவேண்டும்.

எங்கள் கட்டடத்தில் அந்தப் பதில் வந்தது 2022 பொருளாதார நெருக்கடியில். பங்குனிக் கடைசியில் ஒருநாள் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. ஜெனரேற்றருக்கு டீசல் இல்லை. லிப்ட் நின்றது. தண்ணீர் மேலே ஏறவில்லை. அதற்குப் பிறகு காஸும் இல்லை. வெறுஞ் சிலிண்டரோடு காலி வீதியில் விடிய விடிய வரிசை. மொட்டைமாடியில் நெருப்பு மூட்டக்கூடாது என்று நிர்வாகக் குழு ஒட்டின அறிவித்தல் இருந்தது. அந்தக் குழுவின் செயலாளரே ஒரு பின்னேரம் உடைந்த கட்டில் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு மேலே போனார். புங்குடுதீவு அக்கா மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டினா. கொழும்பிலேயே பிறந்த பிள்ளைகளுக்கு விறகைக் குறுக்கும் நெடுக்குமாய் அடுக்கக் காட்டிக்கொடுத்தா. இருபத்தொரு வீட்டுக்கும் முறை போட்டோம்: காலையில் கீழ் மாடிகள், மத்தியானம் நடு மாடிகள். கிணற்றடியில் இறைப்பு முறை போடுவதுபோல. ஒருநாள் ஆரோ முறை தவறி இறக்கிவைத்த பானையால் சண்டையும் வந்தது. இரண்டு வீடு இன்னும் பேசுவதில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் காஸ் வந்த பிறகும் அக்கா சனிக்கிழமைகளில் சமைக்கிறதை அளவுக்கு மேலே சமைக்கிறா. அந்த அறிவித்தல் இன்னும் ஒட்டினபடியே இருக்கிறது.

கூழ் குடித்து இரண்டு கிழமையில் ரொறன்ரோவிலிருந்து ஓர் அழைப்பு. பெரியம்மாவின் இளைய மகள். முப்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு குரல் கேட்கிறேன். "அண்ணை, எங்கட கரம்பொன் காணியைக் குடுக்கப்போறம். முதல் உங்களைக் கேக்கவேணும் எண்டு அம்மா சொல்லிப்போட்டுத்தான் செத்தவ."

சட்டப்படி அவள் என்னைக் கேட்கத் தேவையில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையில், காணி விற்பவர் முதலில் உரித்தாளரையும் பங்காளரையும், காணியை ஈட்டுக்குப் பிடித்திருக்கக்கூடிய அடுத்த காணிக்காரரையும் கேட்கவேண்டும் என்று இருந்தது. 1947ஆம் ஆண்டுச் சட்டம் அடுத்த காணிக்காரரை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இங்கே வெள்ளவத்தையில் எதிர்வீடு நாலு தரம் கைமாறியது. ஒருதரமும் எங்களை ஆரும் கேட்டதில்லை, நாங்களும் எதிர்பார்த்ததில்லை. பெரியம்மாவுக்கு 47ஆம் ஆண்டுச் சட்டம் தெரியாது.

வாங்க எனக்கு வசதியில்லை என்று சொன்னேன். எல்லை காட்டுவதற்கு வருகிறேன் என்றும் சொன்னேன். அவளுக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. பிறகு, தான் கனடாவுக்குப் போன புதிதில் சென் ஜேம்ஸ் டவுன் உயர்மாடியில் ஆறு பேரோடு ஓர் அறையில் இருந்ததையும், கட்டடத்தின் அடித்தளத்தில் உடுப்புத் தோய்க்கிற இடத்தில்தான் எல்லாப் பெண்களும் சந்திப்பார்கள் என்பதையும் சொன்னாள். "கிணத்தடி மாதிரி அண்ணை." இப்போது தனி வீடு. உடுப்புத் தோய்க்கிற இயந்திரமும் சொந்தம்.

யாழ்தேவியில் போய், பண்ணைப் பாலம் கடந்து, வேலணையால் கரம்பொனுக்குப் போனேன். நில அளவையாளர் சங்கிலியோடு வந்திருந்தார். சங்கிலி என்று சொல்வது பழக்கதோஷம், இப்போது எல்லாம் கருவிதான். இரண்டு வளவிலும் வீடு இல்லை. அத்திவாரக் கல்லும் கிணறும் நாகதாளியும். ஓலையும் வரிச்சும் எப்போதோ மக்கிப்போயிருந்தன. "எல்லை எது ஐயா?" என்று கேட்டார். கதியால்கள் நின்றன. வெட்ட ஆளில்லாமல் முப்பத்தைந்து வருஷம் வளர்ந்து பூவரசுகள் மரங்களாகி, ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு, மேற்கிலிருந்து கிழக்காய் ஒரே வரிசை. நடுவில் ஓர் இடத்தில் மட்டும் இரண்டு மரங்களுக்கு இடையில் வெளி இருந்தது. அதற்குள்ளால் நடந்து போய் அந்தப் பக்கம் நின்று, திரும்பி வந்தேன். குனியத் தேவைப்படவில்லை.

போன கிழமை அளவைப் படம் தபாலில் வந்தது. நல்ல துப்புரவான வேலை. நாற்பது வருஷம் இதே தொழில் செய்தவன் சொல்கிறேன். கிணறு குறித்திருக்கிறது, வழி குறித்திருக்கிறது, எல்லை மரங்கள் குறித்திருக்கின்றன. எங்கள் வடக்கு எல்லைக் கோடு மேற்கு மூலையிலிருந்து கிழக்கு மூலைவரை விடாமல் போகிறது.